அப்பா நம்பருக்கு வந்த மெசேஜ்

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் ஜப்பான் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வல்லக்கோட்டை முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் வீடியோவில் பேசுகிற அம்மா எதற்குத் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத சங்கதி, அதனால்தான். முழுக்கப் படித்துவிட்டுப் போன் பண்ணு, நடுவில் பண்ணாதே.

இன்னிக்கு என்ன கிளாஸ்மா என்று நீ கேட்கும்போதெல்லாம் அந்தப் பாடம், இந்தப் பாடம் என்று சொன்னேனே, போன மாதம் சொன்னதில் பாதி பொய். நான் காலேஜுக்கே போகவில்லை. நாற்பத்தாறு வயதில், எம்.எஸ்சி. நர்சிங் முதல் வருஷத்தில், உன் அம்மா கிளாஸ் கட் அடித்தாள். எழுதும்போதே காது சுடுகிறது. எல்லாம் ஸ்டாட்டிஸ்டிக்ஸால் வந்தது. இத்தனை வருஷம் கம்பெனி நர்ஸாக அடிபட்டு வந்தவர்களைப் பார்த்தவளுக்கு நர்சிங் பாடத்தில் பயமில்லை, ஆனால் அந்தக் கணக்கு போர்டில் ஏறியதும் கண் கட்டிவிட்டது போல ஆகிவிடுகிறது. முதல் டெஸ்ட்டில் இருபத்தைந்துக்கு இரண்டு. பக்கத்தில் உட்காரும் கனிஷ்கா, உன்னைவிடச் சின்னவள், பரவால்ல ஆன்ட்டி, எனக்கும் கம்மிதான் என்று என் பேப்பரை யாரும் பார்க்காமல் மடித்துக் கொடுத்தாள். அன்பாகத்தான் செய்தாள், எனக்குத்தான் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மறுநாள் காலேஜ் வரைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு ஒரகடத்திலேயே இறங்கி, பழைய கம்பெனியின் ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போய்விட்டேன்.

என் இடத்துக்கு வந்திருக்கும் பூமாரி தென்காசிப் பக்கத்துப் பெண், வாங்கக்கா, நீங்க இருந்தா எனக்குத் தெம்பா இருக்கு என்று நாற்காலி போட்டாள். அசெம்ப்ளி லைன் பசங்கள் கையில் கீறலோடு வந்து சிஸ்டர், சிஸ்டர் என்றதும் எனக்குப் போன உயிர் வந்தது. முதலில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிற நாள் மட்டும் போனேன், பிறகு இல்லாத நாளும் போனேன். போன வாரம் ஒரு பையன் கண்ணில் இரும்புத் தூள் விழுந்து வந்தான், நான் பழக்கத்தில் எழுந்து ஓடினேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, நீங்க குந்துங்க சிஸ்டர், அவங்கதான் பாத்துக்கினு கீறாங்களே என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பூமாரியும் கை நடுங்காமல் கண்ணைக் கழுவிவிட்டாள். அங்கேயும் எனக்கு வேலை இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதைவிடப் பெரிய வெட்கம் இனிமேல்தான். வராத நாளில் எல்லாம் காலேஜிலிருந்து வீட்டுக்கு வாட்ஸ்அப் அனுப்புவார்களாம், உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை என்று. சேரும்போது பெற்றோர் நம்பர் கேட்டார்கள், வேறு யாரைப் போடுவது என்று உன் அப்பா நம்பரைக் கொடுத்திருந்தேன். அந்த மனிதர் ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் என் டிபன் பாக்ஸைப் பையில் வைத்து, ஐடி கார்டு எடுத்துக்கினியா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை எச்.ஓ.டி. மேடம் கூப்பிட்டு, இனி ஒரு நாள் விட்டாலும் பரீட்சை எழுத முடியாது, வருஷம் போய்விடும், வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வாருங்கள் என்றார். என்னைவிட வயதில் சிறியவர், சொல்ல அவருக்கே கூச்சம். வீட்டுக்கு வந்து எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், நாளிக்கு எத்தினி மணிக்கு வரணும் என்று அப்பாவே கேட்டார். அதுவும் மெசேஜில் வந்திருக்கிறது. வெங்காயத்தின் பேரில் அழுதுவிட்டேன்.

சனிக்கிழமை அப்பா பர்மிஷன் போட்டுவிட்டுக் கம்பெனி யூனிஃபார்மோடு வந்தார். சின்னப் பிள்ளைகளும் அவர்கள் அப்பாக்களும் உட்கார்ந்திருந்த பெஞ்சில் நாங்களும் உட்கார்ந்தோம். ஸ்டோர்ஸில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், மேடம் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, இனிமே ஒயுங்கா வந்துடுவா மேடம், நான் பொறுப்பு என்றார். நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையெழுத்துப் போடச் சொன்னதும் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். எனுக்கு மெசேஜ் வந்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் மேடம், பாவம்னு வுட்டுடுவேன், எங்க பொண்ணு நம்பரப் போட்டுக்கோங்க, அது வுடாது என்றார். மேடம் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமையிலிருந்து பெற்றோர் இடத்தில் உன் நம்பர் இருக்கிறது. கனிஷ்கா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்குச் சொல்லித் தருகிறேன் என்கிறாள், வெட்கத்தை விட்டு உட்கார்கிறேன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது வாயில்லை, இருந்தாலும் காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. முருகன் உன்னை எப்போதும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். மெசேஜ் வந்தால் அப்பாவைப் போலச் சும்மா இருந்துவிடாதே, அன்றைக்கே கூப்பிட்டுத் திட்டு. வராவிட்டாலும் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் பொறுப்பில் இருக்கும் அம்மா,
கங்கா