என் பேரில் ஒரு சேறு

மே 14, 1974. செவ்வாய்

இன்று மேட்டுநிலத்தில் இருந்தவர்கள்: நான், பக்கத்து வீட்டு டோர்மோட், அவன் தங்கை ஷோனாக், என் அண்ணன் மகன் ஈவர், இன்வர்னஸ் நகரத்திலிருந்து வந்த இஷ்பெல். டோர்மோடின் குளிர்காலத்து அடுப்புக்கு எரிமண் வெட்டினோம். வெட்டப் போவேன், அவன் வீட்டுப் படி மட்டும் ஏறமாட்டேன்.

எங்கள் லூயிஸ் தீவு முழுக்க கேலிக் மொழி இடப்பெயர்களைக் கேட்டுப் புது நிலப்படத்தில் ஏற்றுகிறாளாம் இஷ்பெல். டோர்மோட் விடுவானா? க்னோக் நன் கவர் என்றால் ஆட்டுக்குன்று, குடித்துவிட்டு எவனோ ஆட்டைத் தொலைத்த இடம் என்று அளந்துகொண்டே போனான். பச்சைப் பாசிக்குழி வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் யார்மத் துறைமுகத்துக்கு மீன் அறுக்கப் போய், குதிகால் உயர்ந்த செருப்போடு திரும்பியவள் நான். பச்சையில் கால் வைக்காதே என்று அன்று டோர்மோட் கத்தினான். இங்கிலாந்தையே பார்த்தவளுக்கு இவன் யார் சொல்ல? வைத்தேன். இடுப்பு வரை இறங்கினேன். மாட்டுக் கயிறு கட்டி இழுத்தார்கள். அன்று சாயங்காலமே அதற்கு ‘போல் ஓய்ரிக்’ என்று என் பேரையே வைத்துவிட்டான், ஓய்ரிக்கின் சேறு என்று அர்த்தம். ஊரே பிடித்துக்கொண்டது.

இன்று என்ன சொன்னான்?

“அதுக்குப் பேரு கிடையாதும்மா. வெறும் சேறு.”

ஷோனாக்கும் தலையாட்டினாள். தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன். டீ ஆறும்வரை.

மே 15

ரொட்டியைக் கருக்கினேன். தொலைந்த ஆட்டுக்கு ஒரு குன்று இருக்கிறது. எனக்கு? பிள்ளைகள் கனடாவில். நான் போனபின் இந்த மண்ணில் என் பேரை யார் சொல்வார்கள் — வெறும் சேறா நான்?

மே 17

ஷோனாக்கிடம் கேட்டே விட்டேன். “உனக்கு வெக்கமா இருக்கும்னுதான் அண்ணன் சொல்லல. இத்தன வருசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறவ நீதானே?”

இவனிடம் இரக்கம் கேட்டேனா?

மே 19

ஞாயிறு, ஓய்வுநாள். எழுதக் கூடாது. எழுதவில்லை.

மே 20

இஷ்பெல் பஸ்ஸுக்கு நின்றாள். ஓடினேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. செருப்பு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டாள், நல்ல பெண். ஆனால் ஒரு பெயரை இரண்டு பேர் சொன்னால்தான் படத்தில் ஏறுமாம். “இன்னொருத்தர் யாரு பாட்டி சொல்லுவாங்க?”

ஷோனாக் ஸ்டோர்னோவே டவுனுக்குப் போயிருந்தாள். ஈவர் கடலில். மற்றவர்கள் மேட்டுநிலத்தில். வேறு வழி? இஷ்பெல்லைக் கூட்டிக்கொண்டு போய் டோர்மோட் கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் கெட்டிலை அடுப்பில் வைத்தான். இஷ்பெல் கேட்டாள்.

“ஆமாம்மா, போல் ஓய்ரிக். நான் வச்ச பேருதான்.” என் பக்கம் கைகாட்டினான். “இடுப்பு வரைக்கும்னா சொன்னா? கழுத்து வரைக்கும்மா.”

டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

அக்டோபர் 3, வியாழன்

படம் வந்தது. எறும்பு எழுத்து. ஈவர் விரல் வைத்துக் காட்டினான். ஆட்டுக்குன்றுக்குக் கீழே நான்.

டோர்மோட் வீட்டில் காட்டிவிட்டு வந்தேன். வியாழக்கிழமைகளில் அங்கேதான் டீ. அதனால் சமாதானமாகிவிட்டேன் என்று ஊர் நினைத்தால் நினைக்கட்டும். ஷோனாக்கை மன்னித்தாயிற்று. யார்மத்தில் அந்தச் செருப்பை விற்றவனைக்கூட மன்னித்தாயிற்று. என்னை வெறும் சேறு என்றவனை மட்டும் சாகும்வரை மாட்டேன்: டோர்மோட் மக்கவுலே.