மூத்த பிள்ளைக்குப் புது டிஸ்க்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் நம் பெண் வாலுவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகம் என்று போன வாரம் போனில் சொன்னீர்கள். இருமிக்கொண்டே சொன்னதால் பாதிதான் நம்பினேன். வெந்நீர் குடியுங்கள். அந்த ஜெனரேட்டர் அறையில் காதுக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் நிற்பதையும் நிறுத்துங்கள். நான் பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது லைன் கோளாறா காதுக் கோளாறா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஆரம்பிப்பேன், நீங்கள் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பீர்கள், எனக்குக் குரல் உயரும், உங்களை யாராவது பின்னாலிருந்து கூப்பிடுவார்கள், வைத்துவிடுவீர்கள். காகிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது. சொல்ல வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, நம் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க். இன்னொன்று, இந்த மாதக் கடைசியில் அங்கே உங்கள் கைக்கு வரப்போகும் வேலை ஒப்பந்தத் தாள். இரண்டும் ஒரே விஷயம்தான் என்று எனக்கு இப்போது படுகிறது.

முதலில் உங்கள் மூத்த பிள்ளை. அந்தக் கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி உங்கள் கையாலேயே பூட்டினீர்கள். வாலு பிறந்தபோதுகூட அவளை அப்படித் துடைத்துத் துடைத்துப் பார்க்கவில்லை. அதைக் குறை சொன்னால் உங்களுக்கு முகம் சுருங்கிவிடும், தெரியும். சொல்லித்தான் ஆக வேண்டும். காலையில் பட்டனை அமுக்கிவிட்டுக் கடையைப் பெருக்குகிறேன், ஷோகேஸ் கண்ணாடியைத் துடைக்கிறேன், பக்கத்துத் தையல்காரம்மாவிடம் ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறேன். அது இன்னும் முழித்தபாடில்லை. ஆல்பம் ஒன்றைத் திறந்தால் உள்ளே டிஸ்க் கரகரவென்று சுற்றுகிறது, பக்கம் வருகிறதா என்றால் வருவதில்லை.

போன மாதம் ஒரு கல்யாண ஆல்பம் செய்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா படத்தை ஒரு பக்கத்தின் மூலையில் ஒட்ட வேண்டும். அமுக்கினேன், ஒட்டவில்லை. மறுபடி அமுக்கினேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், அதுவும் திரும்பவில்லை. திரும்பத் திரும்ப இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினேன். அசையாத மிஷின் முன்னால் உட்கார்ந்தால் யார் கைதான் சும்மா இருக்கும்? அத்தனையையும் விழுங்கி வைத்துக்கொண்டிருந்த உங்கள் பிள்ளை, நான் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் செய்து முடித்திருக்கிறது. அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் திறக்கவே அவ்வளவு நேரம் ஆகிறதே என்று அலுத்துப்போய் அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஆல்பம் வந்தது. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் மூலையில் சித்தப்பா சிரிக்கிறார். பெண் தனியாகக் கண்ணாடி முன் நிற்கும் படத்திலும் சிரிக்கிறார். பெண்ணின் அப்பா அதை என் மேஜையில் விரித்து வைத்து, "ஏம்மா, இது எங்க வீட்டுக் கல்யாணமா, இல்ல அவரோட பொறந்த நாளா?" என்று கேட்டார். வேறு ஆல்பம் நம் செலவில் போட்டுக் கொடுத்தேன். இதில் கூத்து என்னவென்றால், மறுநாள் அந்தச் சித்தப்பாவே கடைக்கு வந்து, "பழசத் தூக்கிப் போட்டுடாதீங்க, நான் எடுத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். அவர் போனதும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

நான் பொறுமையாக இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது இங்கே கேட்கிறது. ஒரு ஆல்பத்தை மூன்று தடவை பார்க்காமல் அனுப்பாதவள் நான், உங்களுக்கே தெரியும். இப்போது ஒரு தடவைகூடப் பார்க்க மனம் வருவதில்லை. அந்த மிஷின் என் நேரத்தை எடுத்துக்கொண்டால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் வேலையின் சுத்தத்தை எடுத்துக்கொள்கிறது. அதை என்னால் விட முடியவில்லை.

தெருக்கோடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறாரே, எதைத் திறக்கும் முன்னாலும் காதை வைத்துக் கேட்பார் என்று நாம் டாக்டர் என்று பெயர் வைத்தோமே, அவரை வரச் சொன்னேன். காதை வைத்தார். "டிஸ்க் தேஞ்சு போச்சுக்கா. உயிர் இருக்கு, ஆனா ஓடச் சொல்லாதீங்க" என்றார். இப்போது வரும் எஸ்.எஸ்.டி. என்ற டிஸ்கில் சுற்றுகிற தட்டே கிடையாதாம். அதில் மலிவாக ஒன்று, பழைய மிஷினிலேயே மாட்டிக்கொள்ளலாம். ரொம்ப வேகமானது ஒன்று, அதற்கு நம் மிஷினுக்குள் இருக்கும் போர்டில் இடமே இல்லை. போர்டு மாற்றினால் மற்றதும் மாற்ற வேண்டும். பொத்தான் வாங்கப் போய்ச் சட்டையே தைத்த கதைதான்.

கண்ணை மூடிக்கொண்டு விலை அதிகமானதை வாங்க முடிவு செய்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். டாக்டர் தன் கடையில் இரண்டையும் மாட்டிக் காட்டினார். நம் பெரிய ஆல்பங்களைக் கொண்டுபோய்த் திறந்து பார்த்தேன். மலிவானதில் காலையில் சீக்கிரம் முழிக்கிறது, சின்ன வேலை நன்றாக ஓடுகிறது. பெரிய ஆல்பத்தைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. மற்றதில் நிஜக் காகிதத்தைத் திருப்புவது மாதிரி பக்கம் திரும்புகிறது. வேகமான டிஸ்க் வந்தால் அச்சு மிஷின் வேகமாக ஓடிவிடாது, வாடிக்கையாளர் சொன்ன தேதியில் படம் கொண்டுவந்துவிட மாட்டார், எல்லாம் எனக்கும் தெரியும். இப்போது வரும் வேலைக்கு மலிவானதே போதும். உண்மையைச் சொல்கிறேன், போதும்.

ஆனால் பள்ளிக்கூட வேலைக்குப் போதாது. நம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை போன வருடமே வகுப்புக்கு ஒரு ஆல்பம் கேட்டார். உங்கள் பிள்ளையை நம்பி ஒப்புக்கொள்ளப் பயந்து, முடியாது என்றேன். இந்த வருடமும் கூப்பிட்டுவிட்டார். நன்றாகச் செய்தால் அவர்களுடைய மற்ற இரண்டு பள்ளிகளையும் நமக்கே தருவதாகச் சொல்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளைப் படம் எடுக்க நானே போகிறேன். உங்கள் அளவுக்கு வராது, ஆனாலும் படத்தில் யாரும் தலையில்லாமல் விழ மாட்டார்கள்.

இனி நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம். வேகமான டிஸ்கும் அதோடு சேர்ந்த சாமான்களும் எந்தப் பணத்தில் என்று கேட்பீர்கள். விடுமுறைக்கு நானும் வாலுவும் அங்கே வருவதற்கு என்று எடுத்து வைத்த பணத்தில்தான். வேறு பணம் நம்மிடம் இல்லை. இந்த வருடம் நாங்கள் வரவில்லை.

வாலுவிடம் சொல்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று புதுச் செருப்பைப் போடாமலே பெட்டியில் வைத்திருந்தாள். சொன்னதும் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க டக்டக்கென்று நடந்தாள். சாப்பிட வரவில்லை. பிறகு வந்து நின்று, "அப்பாவ விட டிஸ்க் பெருசாம்மா?" என்று கேட்டாள். அப்பாவை ஒரு வாரம் பார்ப்பதற்குப் பதிலாகத் தினமும் பார்ப்பதற்குத்தான் என்றேன். "அப்பா ஒத்துக்கிட்டாரா?" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பிட வா என்றேன்.

இதை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வேண்டாம் என்று போன் பண்ணிவிடுவீர்கள். வாங்கிய பிறகு சேர்க்கிறேன்.

*

வாங்கியாயிற்று. டாக்டர் காலையிலேயே வந்து மாட்டிவிட்டுப் போனார். உங்கள் பழைய டிஸ்கைத் தூக்கி எறியவில்லை, பழைய ஆல்பங்களை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கட்டும் என்று பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார். பட்டனை அமுக்கிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கக் குனிந்தேன், நிமிர்வதற்குள் திரை வந்து நிற்கிறது. கடை இன்று பெருக்காமலே கிடக்கிறது. மத்தியானத்துக்குள் இரண்டு ஆல்பம் முடித்து, பக்கம் பக்கமாகச் சரிபார்த்தும்விட்டேன். என் வேலை எனக்கே மறுபடி பிடித்தது.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். ஒரே ஒரு ஒப்பந்தம், அதோடு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனீர்கள். முடியப்போவது இரண்டாவது. மூன்றாவதற்கான தாள் வருகிறது என்று சொன்னீர்களே தவிர, கையெழுத்துப் போடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடை வருமானம் பத்தவில்லை என்பதால்தான் போனீர்கள். அந்தக் காரணத்தை நான் ஒழித்துக்கட்டிவிடுகிறேன். ஒரு பள்ளியை நான் ஒருத்தி சமாளிப்பேன். மூன்று பள்ளிக்கு இன்னொரு ஆள் வேண்டும், படம் எடுக்கத் தெரிந்த ஆள். சம்பளத்துக்கு ஆள் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

அங்கேயே பழகிவிட்டதோ என்று சில நாள் பயம் வருகிறது. இங்கே வந்து என் கடையில் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா என்று யோசிக்கிறீர்களோ என்னவோ. அப்படி இருந்தால் நேராகச் சொல்லிவிடுங்கள். கடையை நான் நடத்துவேன், டிஸ்க் வீணாகாது. ஆனால் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று மட்டும் இனிமேல் சொல்லாதீர்கள்.

வாலு வாலு என்று எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். அவளுக்கு ஒரு நாள் கோபம், இன்று பள்ளிக்குப் பாடிக்கொண்டே போனாள். அந்த ஒரு வாரத்தைக் கொடுத்துவிட்டுத் தவிப்பது நான்தான். பணத்தை டாக்டர் கையில் கொடுக்கும்போது எண்ணக்கூட முடியவில்லை, அவரையே எண்ணிக்கொள்ளச் சொன்னேன்.

இருமலுக்கு மருந்து வாங்குங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஆண்டவன் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். தாள் வந்ததும் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனக்குப் பெரிய கடிதம் எல்லாம் வேண்டாம். எந்தத் தேதி வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களவள்