வரப்பில் கழற்றி வைத்த பூட்ஸ்

அண்ணா,

இன்று காலை எங்கள் பள்ளிக்கூடத்து ஜன்னல்களுக்குச் சாயம் பூச ஆள் வந்திருந்தார். தகர டப்பாவைத் திறந்து, ஆளிவிதை எண்ணெயைச் சாயத்தில் ஊற்றிக் குச்சியால் கலக்கினார். பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த நான் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். உன் ஹாக்கி மட்டையின் வாசனை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லையில் உட்கார்ந்து, பழந்துணியை அந்த எண்ணெயில் நனைத்து, கைக்குழந்தைக்குத் தேய்ப்பதுபோல மட்டைக்குத் தேய்ப்பாய். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "சாருக்கு சொகமில்லியா?" என்று கேட்டாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டீச்சரும் சார்தான். ஒன்றுமில்லை என்று சொல்லிக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் வேலை பார்க்கும் இந்தக் கருங்கல் ஊரில் யாருக்கும் எனக்கு ஓர் அண்ணன் இருந்தது தெரியாது. நான் சொன்னதில்லை.

நீ பெரிய ஆட்டக்காரன் இல்லை. அதை நீயே சொல்லிச் சிரிப்பாய். மணல் ஆலை ஆபீசிலிருந்து சைக்கிளில் வரும்போதே முந்தைய நாள் பேப்பர் உன் சட்டைக்குள் மடங்கியிருக்கும். ஹாக்கி பற்றி அதில் நாலு வரி இருந்தால் அன்றைக்கு வீட்டில் வேறு பேச்சு கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் நம்மவர்கள் ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்தது. லாஸ் ஏஞ்சல்சில் அமெரிக்காவுக்கு இருபத்து நாலு கோல் போட்டது. அந்த ஆட்டத்தில் நம் கோல் கீப்பர் வேலையில்லாமல் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடப் போன சமயத்தில்தான் அவர்கள் ஒன்று போட்டார்கள் என்ற கதை. அது நிஜமா கதையா என்று கேட்டால், "கதையாட்டு இருந்தாலும் நல்ல கதைதானேட்டி?" என்பாய்.

எல்லாவற்றுக்கும் மேலே லண்டன். சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், இங்கிலாந்துக்காரர்களை அவர்கள் ஊரிலேயே நாலுக்குப் பூஜ்யம் என்று அடித்த ஆட்டம். மழையில் தரை சேறாகிக் கால் வழுக்கியபோது நம்மவர்களில் சிலர் பூட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஆடினார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் நீ எழுந்து நின்றுவிடுவாய்.

"ஏலே, சோத்தத் தின்னுட்டு நில்லுலே. லண்டன்காரனா வந்து ஒனக்குக் கொழம்பு வெளம்பப் போறான்?" என்று அம்மா கரண்டியோடு கத்துவாள்.

இரண்டாம் போகமான கும்பப்பூ அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்கள்தான் உங்கள் ஹாக்கிப் பருவம். நம் வயல்தான் மைதானம். மற்றவர்கள் பனைமட்டையைச் செதுக்கிக்கொண்டு வருவார்கள். உன்னிடம் மட்டும் கடையில் வாங்கிய மட்டை. பிறகு திருவனந்தபுரத்திலிருந்து அந்த பூட்சும் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு நீ முதல்முறை வயலில் இறங்கியபோது உன் கூட்டாளிகள் கேலி பண்ணியது வீடுவரை கேட்டது. "ஏ வெள்ளக்காரா, மெல்ல மிதிலே! பூமாதேவிக்கு நோவப் போவுது!"

அவர்களுக்கு அது வேடிக்கை. அப்பாவுக்கு அப்படியில்லை. செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத்தான் அவர் வயலில் இறங்குவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். நம் ஊரில் யாரும் அதை ஒரு விதியாகச் சொன்னதுகூட இல்லை. மீறுவதற்கு ஆள் இருந்தால்தானே சொல்வதற்கு.

"சோறு போடுத மண்ணுலே அது. செருப்போட மிதிக்கப்பிடாது."

"செருப்பில்லப்பா, பூட்ஸ். வெளயாட்டுக்கு உள்ளது."

"எதுக்கு உள்ளதானாலும் கழத்திப் போட்டுட்டு எறங்கு."

நீ கழற்றவில்லை. கல்லூரிக்குப் போன நாளிலிருந்து உன் கால் செருப்புக்குப் பழகிவிட்டது, அறுத்த பயிரின் அரிதாள் குத்தும் என்றாய். அப்பா அதற்குப் பிறகு உன்னிடம் பேசவில்லை. அடுத்த அறுப்பும் வந்து போனது. ஒரே கூரையின் கீழ் உங்கள் இருவருக்கும் நடுவில் நானும் அம்மாவும் சேதி சொல்லிக்கொண்டு நடந்தோம். "அப்பா ஒன்ன உரம் வாங்கியார முடியுமான்னு கேக்காரு." "வாங்கியாறேன்னு சொல்லு."

பக்கத்து ஊர்க்காரர்களோடு ஆடிய அந்த ஆட்டத்தன்று பாதியில் கோடைமழை பிடித்துக்கொண்டது. நான் வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிஷத்தில் வயல் சேறானது. நீ இரண்டு முறை வழுக்கி விழுந்தாய். எழுந்து ஓடி வந்து, என் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து பூட்சின் கயிற்றை அவிழ்த்தாய். முகமெல்லாம் சேறு, அத்தனை சந்தோஷம்.

"லண்டன்ல இப்பிடித்தாம்ட்டி!" என்றாய். பூட்சை என் காலடியில் போட்டுவிட்டு ஓடினாய்.

அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். வைக்கோலை மூடுவதற்காக அப்பா ஓலையோடு வந்துகொண்டிருந்தார். அவர் கேட்கவில்லை; பார்த்தார். மகன் வெறுங்காலோடு தன் வயலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு மழையிலேயே நின்றார்.

அன்று அந்தியில் அவரே உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். "பய கழத்திட்டான், பாத்தியா" என்று அம்மாவிடம் சொன்னார், நீ கேட்கும்படியாக. நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். உண்மையைச் சொல்லி அந்தச் சாப்பாட்டைக் கெடுக்க உனக்கு மனமில்லை. இலைக்குப் பக்கத்தில் நீட்டியிருந்த உன் இடது காலில் துணி கட்டியிருந்தது. கதிர்க்கட்டு ஏற்றின வண்டிமாட்டின் லாட ஆணி ஒன்று சேற்றுக்குள் கிடந்து குத்திவிட்டது, பிடுங்கி எறிந்துவிட்டு ஆடி முடித்தேன் என்றாய். வாய்க்காலில் கழுவியிருந்தாய். வயல்காரர்கள் வீட்டில் அதற்குமேல் யார் கேட்பார்கள்?

காயம் ஆறியதுபோல் இருந்தது. ஒருநாள் காலை உன்னால் வாயைத் திறந்து தோசையைக் கடிக்க முடியவில்லை.

"பேசிப் பேசித் தாடை கழண்டுட்டு. இண்ணைக்கு ஒரு நேரமாவது லண்டன் இல்லாம வெளம்பலாம்" என்றாள் அம்மா. நீயும் சிரிக்கப் பார்த்தாய். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் முகம் இழுத்துக்கொண்டது. அம்மா கையிலிருந்த கிண்ணியைக் கீழே வைத்தது எனக்கு இன்னும் தெரிகிறது. சாயங்காலத்துக்குள் கழுத்தும் முதுகும் விறைத்துவிட்டன. வில்வண்டியில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தனுர்வாதம், ஆணிக் காயத்தின் வழியாக ஏறிய விஷம் என்று டாக்டர் சொன்னார். அவர் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார், அண்ணா. நாங்கள்தான் தாமதமாக வந்திருந்தோம்.

உன்னை இருட்டறையில் கிடத்தினார்கள். வெளிச்சம் பட்டால் இழுப்பு வரும். சத்தம் கேட்டால் வரும். ஒரு டம்ளர் தரையில் விழுந்ததற்கு உன் உடம்பு வில்லாக வளைந்து எழுந்ததைப் பார்த்தேன். "ஒருத்தரும் பேசப்பிடாது, என்னா?" என்று நர்சம்மா விரலை வாயில் வைத்துச் சொன்னாள். வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்த நீ வாய் பூட்டிக் கிடந்தாய். உனக்குச் சொல்வதற்கு வாய் இருந்த நாங்கள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அப்பா உன் காலைத் தொடக்கூட முடியாமல், தொடுகிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தார். உனக்கு நினைவு கடைசிவரை தெளிவாக இருந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. புத்தகங்களில் எத்தனையோ மரணங்களைப் படித்திருக்கிறேன். அவற்றில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

அப்பா அந்த வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "எம் பேச்சக் கேட்டான். கேட்டதுனாலதான் போனான்." அவர்கள் விதி என்றார்கள். வருஷங்கள் போயும் அந்த வாக்கியம் போகவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பேப்பர் படிக்கும்போது, திடீரென்று தனக்குள் சொல்லிக்கொள்வார்.

அவர் சொன்னதற்காக நீ கழற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். சொன்னால் அந்தப் பாரம் இறங்கும். ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் பாதியைச் சொல்லும்போது அவர் குரலில் வேறு ஒன்றும் இருந்தது. மகன் ஒருநாள் தன்னை மதித்தான் என்கிற ஒன்று. அவரிடம் உன்னுடையதாக மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். ஒன்றை இறக்கினால் மற்றதும் சேர்ந்து போய்விடும். நீயும்தான் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பேசாமல் இருந்தாயே.

போன சனிக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது நம் ஊர் திருவனந்தபுரத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டது. பேப்பரும் சீக்கிரம் வருகிறது. மெல்போர்னில் நம்மவர்கள் ஜெயித்த செய்தியை அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு படித்தார். பாகிஸ்தானோடு ஒரே ஒரு கோல். ஆட்டங்கள் முழுவதிலும் நம் பக்கம் ஒரு கோல்கூட விழவில்லை, ஆம்ஸ்டர்டாம் போலவே. படித்து முடித்துப் பேப்பரை மடித்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எம் பேச்சக் கேட்டான்" என்றார். மடித்த பேப்பரின் மேல் கையை வைத்தார். அவ்வளவு மெலிந்த கையாக அது எப்போது ஆனது என்று நான் கவனிக்கவில்லை. இந்தப் பாரத்தோடு அவரைச் சாகவிடக்கூடாது என்று தோன்றியது.

"இல்லப்பா," என்றேன். "அவன் ஒங்களுக்காவக் கழத்தல்ல. லண்டன்ல சேத்துல அவங்க பூட்ச கழத்திட்டு ஆடுனாங்களாம். அதுபோல ஆடத்தான் கழத்துனான். எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் ஓடுனான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பேப்பரின் மேல் வைத்தார்.

"அப்பம், கடைசிவரைக்கும் எம் பேச்சக் கேக்கல்ல."

அது ஆறுதலா, புதிய துக்கமா என்று அவர் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. எழுந்து உள்ளே போகப் போனவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"லண்டன்ல, அந்தப் பிள்ளையளுக்குக் காலுல ஒண்ணும் குத்தல்லியா மக்கா?"

உன் செய்திகள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன, அண்ணா. எந்த ஊரில் எத்தனை கோல், யார் எந்தப் பக்கம் ஆடினார்கள், எந்த நாள் மழை பெய்தது, எல்லாம் ஒன்றுகூட உதிராமல் இருக்கின்றன. அந்த நிமிஷத்தில் அவ்வளவையும் தேடிப் பார்த்தேன். இதை யாரும் எழுதியிருக்கவில்லை, நீயும் சொல்லியிருக்கவில்லை. அப்பா நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

உன் தங்கை