ஒரு ஸ்டார் போட வந்த வீடு

மே 9, வெள்ளி

வந்த வேகத்தில் வாசல் நிலையில் மண்டையை இடித்துக்கொண்டேன். அந்தக் காலத்துக் கல்வீடு. கட்டியவர்கள் குள்ளமோ, இல்லை ரொம்பப் பணிவோ! "சந்து பொந்துல எல்லாம் லாரிய நுழைப்பீங்க, தலைய நுழைக்கத் தெரியாது" என்றாள் மனைவி. மகள் சிரிப்பை அடக்கினாள். அவள் அந்த அளவுக்குச் சிரித்தே மாசக்கணக்காகிறது.

இது யார் வீடு என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு, "பொண்ணோட அப்பா தண்ணி லாரி ஓட்டறார்னு பையன் வெளியில சொல்லிக்க முடியாதுங்க" என்று போனிலேயே சம்பந்தத்தை அறுத்துவிட்டாரே பையனோட அப்பா, அந்தப் பெரிய மனிதர் விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற வீடு. மச்சினன் பெயரில் பதிந்தேன். தங்கிவிட்டு, இணையத்தில் ஒரே ஒரு ஸ்டார் போட்டு, நாறடிக்கிற மாதிரி நாலு வரி எழுதுவேன். ஈ காக்கா இந்தப் பக்கம் வரக் கூடாது.

சுவரில் இருந்த அவர் குடும்பப் படத்தைக் கழற்றி மெத்தைக்கடியில் சொருகிவிட்டேன்.

மே 10

குறை தேடுகிறேன். கிடைத்தால்தானே! வெளியே கொளுத்துகிறது, உள்ளே பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கிறது. ஈரம் கசிகிறது என்று படம் எடுக்க, யாரும் பார்க்காதபோது சுவரில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினேன். போனைத் தேடி எடுத்து வருவதற்குள் சுண்ணாம்புச் சுவர் எல்லாவற்றையும் குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கிறது. சொந்தக்காரனைப் போலவே கல்லுளிமங்கன்! தண்ணி லாரிக்காரன் ஊற்றியும் நனையவில்லையே — மானக்கேடு.

மே 11

விரிப்பை மாற்றப் போனவள் படத்தோடு வந்தாள். "யாரு வீடுப்பா இது?"

சொல்லிவிட்டேன். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உங்க பழிக்கு என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"உனக்காகத்தாம்மா..."

"எனக்காகவா? என்னைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அந்த ஆளும் அவளைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடச்சே, அவனோடு ஒரே பெஞ்சில் போய் உட்கார்ந்துட்டேனா?

மே 12

படத்தை அவளே திரும்ப மாட்டினாள். அதில் அவர் சிரிக்கிற சிரிப்பைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

மே 13, செவ்வாய்

சாவி வாங்க அவரே வந்தார். எங்களைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றார். "நீங்கன்னு தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தார். என் தொண்டையில் இத்தனை மாதக் கெட்ட வார்த்தைகள் வரிசை கட்டி நின்றன.

மகள் முந்திக்கொண்டாள். "வாங்க சார்."

வாய் நிறைய 'மாமா' என்று கூப்பிட்டவள். மனிதர் அந்த ஒரு 'சார்'லேயே பாதியாகிப் போனார்.

"நான்தான் சார் இங்க தங்கலாம்னு சொன்னேன். எங்கப்பாவுக்கு லாரி ஓட்டி ஓட்டி முதுகு வலி. நாலு நாள் ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னு." லாரி என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்தினாள்.

முழுப் பொய். என்னைக் காப்பாற்றக் கண் இமைக்காமல் சொன்ன பொய்.

அவர், "வீடு... வசதியா இருந்துச்சுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ம்" என்று சாவியைக் கொடுத்தேன். எழுதி வைத்த நாலு வரி போனிலேயே கிடக்கிறது, போடவில்லை. நாக்கு நுனி வரை வந்து நான் விழுங்கியது வேறு:

வீடு நல்ல வீடுதான்யா. உனக்குத்தான் அது அமைஞ்சிருக்கக் கூடாது.