ஒற்றைக் கண்ணில் ஆழம்

ஜூலை 7, திங்கள்

சாம்பாரைத் தட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே மேசையில் கொட்டிவிட்டேன். "குடு, நான் ஊத்தறேன்" என்று கரண்டியைப் பிடுங்கினார் என் வீட்டுக்காரர். கொட்டியதைவிடப் பிடுங்கியதுதான் எரிச்சல்.

விழித்திரை கிழிந்து, ஆபரேஷனும் பலிக்காமல், இடது கண் இனி வராது என்று புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "இன்னொரு கண்ணு நல்லா இருக்குதுல்ல" என்கிறார்கள். இருக்கிறது. எல்லாம் தெரிகிறது. ஆனால் எது முன்னால், எது பின்னால்? உலகமே காலண்டர் படம்போல் தட்டையாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

பள்ளிக்குத் திரும்பினேன். படி முடிந்துவிட்டது என்று காலை வைத்தேன். முடியவில்லை. பிளஸ் டூ பிள்ளைகள் முன்னால் விழுந்தேன்.

தலைமையாசிரியை ராஜம்மாள் கூப்பிட்டார். "கொஞ்ச நாளைக்கு ஆபீஸ்ல உக்காருங்க, தென்றல் டீச்சர். கணக்க ஜெயஸ்ரீ பாத்துக்கட்டும்."

ஜெயஸ்ரீ போன வருடம் சேர்ந்தவள். அடுத்து வருவது வெக்டர் பாடம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இத்தனை வருடமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். இன்று நிஜமே கரும்பலகை ஆகிவிட்டது — யாரிடம் சொல்ல?

ஜூலை 14, திங்கள்

வருகைப் பதிவு. டீ. மறுபடியும் வருகைப் பதிவு.

ஜூலை 20, ஞாயிறு

சண்டை. அவர் சூப்பர்வைசராக இருக்கும் செராமிக் கம்பெனியிலிருந்து இரண்டு ஊறுகாய் ஜாடிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "எது கிட்ட இருக்குது, சொல்லு பாப்போம்." தப்பாகச் சொன்னேன். இடத்தை மாற்றி வைத்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

"நான் என்ன எல்கேஜி புள்ளையா?" என்று கத்தினேன்.

"நீ என்ன பாக்குறன்னு எனக்கு எப்டி தெரியும்? சொன்னாதான தெரியும்!"

ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்க என்றேன். பொத்தினார். "எனக்கு எல்லாம் அப்டியேதான தெரியுது?"

தெரியத்தான் செய்யும். இந்த வீடு முழுக்க ரெண்டு கண்ணாலும் பார்த்து வைத்தது அவர் மனசில் அப்படியே இருக்கிறதே. ஊசியை நான் பிடித்துக்கொண்டு, நூலை அவருடைய இன்னொரு கையில் கொடுத்தேன். கோக்க முடியாமல் திணறினார். பிறகு பொத்திய கையை எடுக்காமலே ஜாடியை எட்டித் தொட்டுப் பார்த்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டாக்டரிடம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினோம். எனக்கு ஜன்னல் ஓரம். பக்கத்து முந்திரி மரங்கள் விசுக்கென்று பின்னால் ஓடின. அதற்கு அப்பால் கரும்புக் கொல்லை மெதுவாக நகர்ந்தது. தூரத்துப் புகைபோக்கி நகரவே இல்லை. திடுக்கென்றது. இடையில் இடம் இருந்தது! அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மந்தாரக்குப்பத்தில் பஸ் நின்றது. எல்லாம் மறுபடியும் தட்டை. கிளம்பியதும் ஆழம் திரும்பி வந்தது.

இரண்டு கண்கள் ஒரே நேரத்தில் எடுக்கும் இரண்டு படங்களை, ஒரு கண் நகர்ந்துகொண்டே ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கிறது. இல்லாத கண்ணின் வேலையைக் காலம் பார்க்கிறது. "நாலாவது பரிமாணம் எந்தப் பக்கம் இருக்குது டீச்சர்?" என்று ஒருத்தி முன்பு கேட்டாள். "காலம்னு சொல்லுவாங்க. பரிட்சைக்கு வராது" என்று உட்காரவைத்தேன். அவளுக்கு இன்று வேறு பதில் சொல்லியிருப்பேன்.

சரி. ஆனால் ஆயுள் முழுக்க பஸ்ஸிலேயே போய்க்கொண்டிருக்க முடியுமா?

ஆகஸ்ட் 6, புதன்

பஸ்ஸுக்குப் பதிலாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே பள்ளிப் படி இறங்கினேன். விழவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். வகுப்பைத் திருப்பிக் கேட்டேன். "பப்ளிக் எக்ஸாம் இருக்குதுங்க டீச்சர்" என்றார் ராஜம்மாள். என் கண்ணுக்கும் பப்ளிக் எக்ஸாமுக்கும் என்ன சம்பந்தம்?

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜெயஸ்ரீ ஆபீசுக்கு வந்தாள். "அக்கா, வெட்டிக்காம, இணையாவும் போகாம ரெண்டு கோடு எப்டி இருக்கும்னு புள்ளைங்களுக்குப் புரியவே மாட்டேங்குது. போர்டுல போட்டா வெட்டிக்கிட்டுதான நிக்குது?" அவள் கண் கலங்கியிருந்தது.

கூடப் போனேன். அவளிடம் ஒரு ஸ்கேல், நாலடி பின்னால் ஒரு மாணவியிடம் குறுக்காக இன்னொன்று. "ஒரு கண்ண மூடுங்க. வெட்டுதா?" வெட்டுது என்றார்கள். "இப்ப தலைய ஆட்டுங்க." வகுப்பே ஆடியது. "ஐயோ, தள்ளிப் போவுது டீச்சர்!" என்று கடைசி பெஞ்சில் கூச்சல்.

சத்தம் கேட்டு வந்த ராஜம்மாள் வாசலில் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. உள்ளே வந்தார். மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார்.

என் கை காற்றைப் பிடித்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர் கையை அசைக்காமல் காத்திருந்தார்.

இரண்டாவது தடவை கிடைத்தது.