நீலப்பூவுக்குப் போட்ட வேலி

ஏப்ரல் 6, 2016
பல் டாக்டரிடம் போகவில்லை. செடி ஆராய வந்த மாரிஸா, என் மேய்ச்சல் நிலத்து மழைக்குட்டை ஓரத்தில் குப்புறக் கிடந்தாள். செத்தே போனாளோ என்று ஓடினேன்.

"டௌனிங்கியாப் பூங்க! எவ்வளவு பாருங்க!"

விரல்நகம் அளவு நீலப்பூ. நடுவே வெள்ளை, மஞ்சள் பொட்டு. குட்டை வற்றும்போது பூத்து, விதை உதிர்த்துச் செத்துவிடுமாம். ஐம்பத்தெட்டு வருஷமாக இதன் மேல்தான் பூட்ஸோடு நடந்திருக்கிறேன்.

ஏப்ரல் 9
தம்பி அமாரோவின் மாடுகள் பூவுக்குள் நிற்கின்றன. அப்பா போனதிலிருந்து என் பங்கிலும் அவைதான் மேய்கின்றன. ஓட்டிட்டுப் போடா என்றேன்.

"பூவுக்காகவா அக்கா?"

"உனக்கு மாட்டைத் தவிர என்னடா தெரியும்?"

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஜெயித்தது நான்தான்.

மே 2
வேலி போட்டாயிற்று. கம்பி கிழித்துக் கையில் மூன்று தையல். தியாகி.

டிசம்பர் 25
அமாரோ வீட்டு விருந்துக்கு நான் போகவில்லை. — பொய். கூப்பிடவில்லை.

ஏப்ரல் 8, 2017
தேவாலயப் பெண்கள் பதினோரு பேரைப் பூப் பார்க்கக் கூட்டிப் போனேன். முழங்கால் உயரத்துக்குப் புல். பூ ஒன்றுகூட இல்லை. "இன்னும் தூங்குது" என்றேன். வாய் கூசாமல்!

மாரிஸாவுக்கு ஃபோன் செய்தேன்.

"இந்த வருஷம் மாடு மேயலையா?"

"வேலி போட்டுட்டேனே."

"மாடு கடிக்கலைன்னா புல்லு பூவை அமுக்கிடுங்க. விதை மண்ணுல இருக்கும், பயப்படாதீங்க."

பூவைக் காப்பாற்றுகிறேன் என்று நானே கழுத்தை நெரித்திருக்கிறேன். பூவை மட்டுமா?

ஏப்ரல் 10
காரில் மூன்று விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். அமாரோவைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று.

"மாட்டைக் கொண்டு வாடா."

"எனக்கு மாட்டைத் தவிர ஒண்ணும் தெரியாதே அக்கா."

"எனக்கு அதுகூடத் தெரியலடா..." அழுகை வேறு வந்து தொலைத்தது.

அவன் கதவைத் திறந்தான். "உள்ள வா. சூப் சூடா இருக்கு."

ஏப்ரல் 14, 2018
காலையில் அமாரோ ஃபோனில் கத்தினான்: "உன் நீலம் வந்துடுச்சுக்கா! சீக்கிரம் வா!"

போனேன். வேலி பிரித்த குட்டை விளிம்பு முழுக்க நீலம். நாற்பது மாடுகளுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"பூவுக்கு மாடு வேணும்டா—"

"வேணும்தான். அக்கா ஒரு தடவை பாத்துக்கட்டும்னுதான்..."

நானும் பக்கத்தில் போய்க் கையை விரித்தேன். ஒரு மாடும் எங்களை மதிக்கவில்லை.