முன்கண்ணாடித் திருநீறு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
22.06.1997

அன்பு மருமகள் ஜெகதீஸ்வரி அறிவது,

இங்கே நானும் உன் மாமி இரத்தினம்மாவும் அம்மன் புண்ணியத்தில் நடமாடித் திரிகிறோம். நீயும் அந்தக் குளிர் நாட்டில் வருத்தம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். தபாலில் போட்டால் வழியில் யார் உடைத்து வாசிப்பார்களோ தெரியாது. அதனால் தன் மகளிடம் கனடா வருகிற நமசிவாயத்தின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

முதலில் என் ஹொண்டா மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் முன்கண்ணாடி இப்போது பளிங்கு மாதிரி இருக்கிறது. கண்ணாடி என்று சொன்னாலும் அது பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக். கீறல் விழுந்து, புகை பிடித்த சிமினி போல மங்கிக் கிடந்தது. கிராண்ட்பாஸில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அலவி, “இத எறிஞ்சிட்டுப் புதுசு ஒண்டு போடுங்க அண்ணன்” என்றான். அலவி பிறக்கும் முன்பே பேர்ஸ்பெக்ஸ் வெட்டி ஒட்டினவன் நான், என்னிடமா சொல்கிறான்! சவர்க்காரத் தண்ணீரால் மணல் போகக் கழுவி, ஈரம் காயாமல் மெல்லிய வாட்டர் பேப்பர் உப்புத்தாளால் தேய்த்து, அதைவிட மெல்லியதால் இன்னொரு தரம் தேய்த்து, கடைசியில் பஞ்சில் கொம்பவுண்ட் தொட்டு மினுக்கினேன். மூன்று நாள் வேலை. துறைமுகத்துக் கப்பல் கப்டன் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, தன் கப்பலுக்கும் வந்து செய்து தரச் சொன்னார். தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டு நிற்கும் உன் மாமி, கப்டன் இல்லை, பாண் விற்கிற வான்காரன் என்கிறாள். சரி, பாண் வான்காரன்.

பிள்ளை, இவ்வளவையும் எழுதுவது பெருமைக்கு அல்ல. அந்தக் கீறல் எப்படி வந்தது என்று நீ அறிய வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலால் வந்ததும் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் மூன்று குறி திருநீறு பூசுவது என் வழக்கம். என் நெற்றியில் இருப்பது ஹெல்மெட்டுக்குள் மறைந்துவிடும். கண்ணாடியில் இருப்பது ஊருக்கே தெரியும். தூரத்தில் ஆமிச் செக்பொயின்ற் தெரிந்தால், தமிழன் என்று அது காட்டிக்கொடுக்குமே என்று ஓடிக்கொண்டே லேஞ்சித் துணியால் அவசரமாகத் துடைப்பேன். வீட்டுக்கு வந்து மறுபடி பூசுவேன். இரண்டு வருடம் இப்படி. சாம்பலை ஈரமில்லாமல் தேய்த்தால் அதுவே அரமாக அறுக்கும் என்று அலவி பிறகுதான் சொன்னான். நிழலில் ஒன்றும் தெரியாது. எதிர்வெயில் பட்டால் முழுவதும் பால் ஊற்றினது போல வெளுத்துவிடும்.

மார்ச் மாதம் இருபத்துமூன்றாம் திகதி, ஞாயிறு. வெள்ளவத்தைக் கொமினிக்கேஷன் கடைக்கு ஐந்தரைக்கு நீ போன் எடுப்பாய் என்று உன் புருசன், நம்முடைய தம்பி நாகேந்திரம், நாலு மணிக்கே வெளிக்கிட்டு நின்றார். புதுச் சேர்ட். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். காலி வீதியில் நெரிசல். எனக்குத் தெரியாத குறுக்கு வழியா என்று பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் திருப்பினேன். வெயில் நேரே முகத்தில் அடித்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்குச் சரியாக எழுதவில்லை. தம்பியைக் காரணமில்லாமல் பிடித்தார்கள் என்றும், நான் பெரிய அதிகாரியின் மேசையில் அடித்துக் கதைத்தேன் என்றும் முன் கடிதத்தில் எழுதினேன் அல்லவா? மேசையை நான் தொடவேயில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நடந்தது இதுதான். தம்பி என் தோளில் தட்டி, “மாமா, நில்லுங்கோ, ஆமிக்காரன் கை காட்டுறான்” என்றார். எனக்கு முன்னால் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. “முப்பது வருசமாக் கொழும்பில ஓடுறன், நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்” என்று அக்சிலேற்றரை முறுக்கினேன். அவர் மறுபடி தட்டினார். நான் மறுபடி முறுக்கினேன்.

அடுத்த தடையில் துவக்கை நீட்டி மறித்தார்கள். பின்னால் இருந்தவன் தட்டத் தட்டத்தான் வண்டி வேகம் எடுத்தது, ஓடச் சொன்னவன் அவன்தான் என்று முதலில் கை காட்டிய ஆமிக்காரன் சொன்னான். பொலிஸில் என்னைக் கேட்டபோது, என் கண்ணும் சுத்தம், என் கண்ணாடியும் சுத்தம், எவரும் கை காட்டவில்லை என்று தண்ணீர் மாதிரிச் சிங்களத்தில் சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். கொழும்பு விலாசம் என்று என்னை விட்டார்கள். யாழ்ப்பாண அடையாள அட்டை என்று தம்பியை வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை அந்தக் கண்ணாடியைத் தேய்த்ததுதான். கனகசபாபதி கண் தெரியாமல் ஓடினான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்று தேய்த்தேன்.

போன கிழமைதான் தம்பிக்காகப் பேசுகிற லோயர் சவுந்தரநாயகத்திடம் வாயைத் திறந்தேன். அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “இதை ஏன் ஐயா மூண்டு மாதமாச் சொல்லேல்லை? கொண்டு வாரும் மோட்டார் சைக்கிளை, அந்தக் கண்ணாடியைக் கோட்டில காட்டுவம்” என்றார். கொண்டு போனேன். அவர் குனிந்து, அதற்குள்ளால் வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக் கடைப் பலகையை எழுத்துப் பிசகாமல் வாசித்தார். பிறகு நிமிர்ந்து, “ஏன் ஐயா இவ்வளவு வடிவாச் செய்தனீர்?” என்றார். என் கைவேலையை ஒருவர் மெச்ச, நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

சாட்சிக்கு இனி என் வாய் ஒன்றுதான் மிச்சம். ஜூலை ஒன்பதாம் திகதி வழக்கு. முதலில் சொன்னது பொய், அவர் என்னை நிற்கச் சொன்னார், நான்தான் நிற்கவில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்லப் போகிறேன். என்னையும் உள்ளே போடக்கூடும் என்று லோயர் சொன்னார். போடட்டும். “அங்க போயும் கப்டன் கதை அளக்காதேங்கோ” என்று மாமி இப்போதே தொடங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சிறையில் தம்பியைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறார். உனக்கு இருமல் மாறிவிட்டதா என்று கேட்டார். தோளில் தட்டியது ஏன் என்று அவர் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லையாம். லோயர் அதட்டிக் கேட்ட பிறகுதான், “மாமா வயசு போன மனுசன், உள்ளுக்குப் போட்டால் தாங்கமாட்டார்” என்றாராம்.

உங்கள் இருவரையும் அம்மன் ஒரே வீட்டில் சேர்த்து வைக்கட்டும். எனக்கு ஒரு கடிதம் போடு, பிள்ளை. ஏசியாவது போடு. தம்பியும் உனக்கு எழுதுவார். என்னைப் பற்றி அதில் நல்லதாகத்தான் எழுதியிருப்பார். அதை நம்பாதே. நான் எழுதியதை நம்பு.

இப்படிக்கு,
உன் மாமா,
க. கனகசபாபதி